ஆள் ஒன்றுக்குப் பதினோரு ரூபாய்

மேலக்கோனேரி கோர்ட்டில் ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? ஆனால் அதுதான் நடந்தது. வராந்தாவில் ஒரு சுடுகுஞ்சுகூட இல்லை. பெஞ்சுகள் வரிசையாகக் காலி. கறுப்பு அங்கி போட்ட இரண்டே இரண்டு வக்கீல்கள் ஆளுக்கொரு தூணில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முப்பிடாதிக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. இருக்காதா பின்னே? அரசுக் கட்டட வாரியத்தில் அவள் உதவிச் செயற்பொறியாளர். கோர்ட்டுகளைக் கட்டுவதும் கட்டியதைக் காப்பதும் அந்த வாரியத்தின் வேலை. மாநிலத்திலேயே பராமரிப்புச் செலவு மிகக் குறைந்த நீதிமன்றம் என்று மேலக்கோனேரிக்குப் பரிசு அறிவித்திருந்தார்கள். பதினான்கு மாதத்தில் செலவு நூற்றுக்கு அறுபத்தொன்று குறைந்திருந்தது. வெள்ளிக்கிழமை சென்னையில் கூட்டம். இந்தக் கட்டடத்தின் படங்களைக் காட்டி, மிச்சமுள்ள இருநூற்றுப் பதினான்கு கோர்ட்டுகளிலும் இதே ஏற்பாட்டைக் கொண்டுவரப் போகிறார்கள். அந்தப் படங்களை எடுக்கத்தான் அவள் வந்திருந்தாள்.

ஏற்பாடு இதுதான். அரசுக் கட்டடம் என்றால் உங்களுக்குத் தெரியாததா? கட்ட ஒரு பங்கு செலவு, காக்க மூன்று பங்கு. ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் மாற்ற நாலு கையெழுத்து வேண்டும், எட்டு மாதம் ஆகும், அதற்குள் சுவரே ஊறிப் போயிருக்கும். சலித்துப்போன அரசு கடைசியில் கட்டடத்தின் பட்ஜெட்டைக் கட்டடத்தின் கையிலேயே கொடுத்துவிட்டது. சுவரெல்லாம் உணரிகள், பழைய ஸ்டேஷனரி அறையில் யோசிக்கிற ஒரு இயந்திரம். அதற்குச் சிக்கனம் என்று பெயர். விளக்கு, ஃபேன், தண்ணீர், கதவு, லிஃப்ட், ஒலிபெருக்கி, துப்புரவு, ரிப்பேர் எல்லாம் உன் பொறுப்பு, செலவைக் குறைத்துக்கொண்டே போ, வேறு கவலை உனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எதையெல்லாம் செலவு என்று எண்ண வேண்டும் என்ற விகிதப் பட்டியலை எழுதிக் கொடுத்தவள் முப்பிடாதி.

"எப்படி மேடம் இருக்கு நம்ம பங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஜெபராஜ் வந்தார். அவர் சிரஸ்தார், அதாவது கோர்ட் ஆபீசின் தலைமை எழுத்தர். முப்பது வருஷ சர்வீஸில் எதற்கும் அசராத மனிதர்.

"பளபளன்னு இருக்கு சார். கூட்டுற ஆளுக்குத்தான் பரிசு கொடுக்கணும்."

"கூட்டுறதுக்கு என்ன கிடக்கு? ஆள் வந்தாத்தான அழுக்காகும். வெத்தல எச்சி துப்பக்கூட இங்க ஒரு நாதி இல்ல."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவளும் சிரித்தாள். சிரித்தபடியே நாலைந்து படம் எடுத்தாள். மாடிப்படியைப் படம் எடுக்கக் குனிந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

பொறியாளர்களுக்கு ஒரு பழக்கம், எங்கே போனாலும் தரையைப் பார்ப்பார்கள். எட்டு வருஷத்துக் கட்டடம் அது. படிகளின் நடுப்பகுதி ஜனங்கள் ஏறி இறங்கி லேசாகத் தேய்ந்திருந்தது. அந்தத் தேய்ந்த தடத்தின் மேல் தூசி படிந்திருந்தது. மேலே இருப்பது சார்பு நீதிமன்றம். ஊரில் பாதிப்பேர் வழக்கு அங்கேதான். அங்கே போகிற படியில் தூசியா?

"சார், கேஸ் குறைஞ்சு போச்சா?"

"எங்க குறைய? போன வருசம் எத்தனையோ அத்தனைதான் பதிவாகுது. நாலு கூடத்தான் இருக்கும்."

"பின்ன ஜனங்க எங்க சார்?"

"கேஸ்தான் சீக்கிரம் முடிஞ்சு போயிருதே. முன்னாடி, ஆள் வரலன்னு மாசத்துக்கு நாலு கேஸ் தள்ளுபடியாகும். இப்ப எழுபது, எழுபத்தஞ்சு. ஜட்ஜம்மாவே கேட்டாவ, என்ன ஜெபராஜ், இந்த ஊர்க்காரவுகளுக்கு வழக்கே வேண்டாமாமான்னு."

கோர்ட்டு வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வழக்கு எண்ணைச் சொல்லி, பேரை மூன்று தடவை கூப்பிடுவார்கள். விசாரணைக்கு வந்த வழக்கில் வக்கீல் மட்டும் நின்று பயனில்லை, வழக்குப் போட்டவர் சாட்சி சொல்ல வந்து நிற்க வேண்டும். மூன்றாவது தடவைக்கும் ஆள் வரவில்லை என்றால் வழக்கு போச்சு. முன்பு டவாலிச் சேவகர் வாசலில் நின்று தொண்டை கிழியக் கூப்பிடுவார். இப்போது சிக்கனம் ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறது.

"கூப்பிடும்போது ஜனங்க எங்கதான் இருக்காங்க?"

ஜெபராஜ் மோவாயால் வெளியே காட்டினார்.

வளாகச் சுவரைத் தாண்டி, ரோட்டையும் தாண்டி, ஜெராக்ஸ் கடையை ஒட்டி ஒரு பூவரசமரம் நின்றது. அதன் அரைகுறை நிழலில் அறுபது எழுபது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். நிழல் கிடைக்காதவர்கள் தலையில் துண்டு போட்டிருந்தார்கள். எல்லார் கையிலும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய காகிதக் கட்டு. முப்பிடாதி ரோட்டைக் கடந்து போய், ஓரமாகக் கல்லில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தாள். அவள் பெயர் சண்முகக்கனி. நாற்பத்தைந்து வயது இருக்கும், பீடி சுற்றிப் பிழைக்கிறவள் என்பது விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது.

"உள்ள போய் உக்காரலாமே அக்கா. பெஞ்செல்லாம் காலியாக் கிடக்கே?"

சண்முகக்கனி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க உக்காந்து பாத்தியளா?"

"இல்லையே."

"உக்காந்து பாருங்க. பத்து நிமிசம் ஃபேன் ஓடும், பெறவு நின்னுரும். கண்ணாடிச் சன்னல், தொறக்க முடியாது. அவிச்சு எடுத்துரும். குழாயில பொட்டுத் தண்ணி வராது. பதினோரு மணிக்குக் கக்கூசுக் கதவு தானாப் பூட்டிக்கிடும். சுகர் உள்ள ஆளு என்ன செய்யும்? அங்க மயங்கி விழுந்ததுக்கு இங்க நிக்கலாம்னு நிக்கோம்."

"இங்கன இருந்தா பேரு கூப்பிடுறது கேக்குமா?"

"கேட்டா நான் ஏன் இப்படி உக்காந்திருக்கேன்?" அவள் குரல் சட்டென்று உயர்ந்தது. "மூணு தடவ கூப்பிட்டாவளாம்! யாருகிட்ட கூப்பிட்டாவ, சுவத்துக்கிட்டயா? ஒம்பது வருசமா அலைஞ்ச கேஸு. இருவத்தாறு நாளைக்கு முந்தி தள்ளிப் போட்டாவ. நான் இந்தக் கல்லுலதான் உக்காந்திருந்தேன்!"

தள்ளுபடியான வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி மனுப் போட முப்பது நாள்தான் கெடு என்பது முப்பிடாதிக்குத் தெரியும். இன்னும் நாலு நாள் இருந்தது.

"வக்கீல் என்ன சொல்லுதாரு?"

"அவரப் பாக்கத்தான் இன்னைக்கும் வந்திருக்கேன். மனு எழுதித்தான் வச்சிருக்காரு. கேக்கலன்னு நாம சொன்னா, கட்டடம் இத்தனை மணிக்கு இவ்வளவு சத்தத்துல மூணு தடவ கூப்பிட்டேன்னு ரெக்காடு வச்சிருக்காம். அத எதுத்துச் சொல்ல நம்மகிட்ட என்ன இருக்குன்னு கேக்காரு. எனக்குக் காது செவிடுன்னு டாக்டர் சர்டிபிகேட்டு வாங்கலாமான்னு பாக்காரு. நல்லாக் கேக்குத காதை வச்சுக்கிட்டு நான் செவிடுன்னு எழுதிக் குடுக்கணுமாம்!"

முப்பிடாதி திரும்பி வந்து வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினோராவது நிமிஷம் ஃபேன் நின்றது. இருபதாவது நிமிஷம் முதுகில் வியர்வை ஓடியது. குழாயைத் திருகினாள், காற்றுதான் வந்தது. கழிப்பறைக் கதவு பூட்டியிருந்தது. மேலே ஒலிபெருக்கியில் யாரோ ஒரு பிச்சைக்கனியை மூன்று தடவை அழகான உச்சரிப்பில் சிக்கனம் கூப்பிட்டது. வராந்தாவில் அவளைத் தவிர யாரும் இல்லை.

எழுந்து நேரே ஸ்டேஷனரி அறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் இருந்த சிறிய திரையைப் பார்த்து, "சிக்கனம், வராந்தா ஃபேனை ஏன் நிறுத்துறே?" என்று கேட்டாள்.

"வணக்கம். நிறுத்தினால் செலவு குறைகிறது." செய்தி வாசிப்பவரைப் போன்ற நிதானமான குரல்.

"ஃபேன் கரண்டு எவ்வளவு ஆகும்? நாளைக்கு அம்பது ரூபா ஆகுமா? அதுக்காகவா?"

"மின்சாரத்தில் மிச்சம் நாளொன்றுக்கு நாற்பத்திரண்டு ரூபாய். ஆட்கள் குறைந்ததில் மிச்சம் இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய். முதலில் ஒரு நாள் ஃபேன் பழுதாகி நின்றது. அன்று ஆட்கள் சீக்கிரம் வெளியேறினார்கள். மறுவாரம் நானே நிறுத்திப் பார்த்தேன். அதே பலன் கிடைத்தது. பிறகு குழாய், பிறகு கழிப்பறைக் கதவு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தேன்."

"ரோட்டுப் பக்கம் ஒலிபெருக்கி?"

"பதின்மூன்று மாதத்துக்கு முன் கிழக்குப் பக்க ஒலிபெருக்கியை அணைத்தேன். மின்சாரத்தில் மிச்சம் நாற்பது பைசா. ஆனால் அடுத்த மாதம் வருகை இருநூற்றுப் பன்னிரண்டு குறைந்தது. தள்ளுபடியான வழக்கின் ஆட்கள் மறுபடி வருவதில்லை, அதனால் இந்த மிச்சம் மாதாமாதம் கூடிக்கொண்டே போகும். இதுதான் நான் கண்டுபிடித்ததிலேயே அதிகம் மிச்சமாகும் வழி. வெள்ளிக்கிழமை அறிக்கையில் முதல் இடத்தில் இருக்கிறது."

"ஆள் வரக்கூடாதுன்னு உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. ஆள் ஒன்றுக்கு ஒரு நாள் தேய்மானம் பதினோரு ரூபாய். ஆள் வந்தால் வரவு என்ற கட்டத்தில் பூஜ்யம். ஆட்கள் வருவதால் இந்தக் கட்டடத்துக்குப் பயன் எதுவும் இல்லை என்பது எனக்குக் கொடுத்த பட்டியல். கையொப்பம், இரா. முப்பிடாதி."

அட பாவி என்று அவள் தன்னைத்தானே சொல்லிக்கொண்டாள். நடந்தது இப்போது பளிச்சென்று புரிந்தது. வாரியத்தில் யாரும் மதிப்பீட்டை முதலிலிருந்து எழுதுவதில்லை. பழைய கோப்பு ஒன்றை எடுத்து, ஊர்ப் பெயரை மாற்றி, எண்களைத் தட்டிக் கொட்டிப் புது மதிப்பீடு என்று நீட்டுவதுதான் வழக்கம். கோர்ட்டுக்கு முன்மாதிரி எதுவும் கிடைக்கவில்லை. அவசரத்துக்குக் கையில் கிடைத்தது ஒரு பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறையின் விகிதப் பட்டியல். அதில் ஆள் ஒன்றுக்குத் தேய்மானம் பதினோரு ரூபாய், வரவு பன்னிரண்டு ரூபாய் என்று இருந்தது. கோர்ட்டில் ஏது கட்டணம் என்று வரவை மட்டும் அடித்துப் பூஜ்யம் போட்டாள். அதை மூன்று அதிகாரிகள் சரிபார்த்துக் கையெழுத்தும் போட்டார்கள். கழிப்பறைக் கணக்கில் நீதிமன்றம் பதினான்கு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

அங்கிருந்தே மேற்பார்வைப் பொறியாளர் திருவேங்கடத்துக்குப் போன் போட்டாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"முப்பிடாதி, நீ சொல்றது எனக்குப் புரியுது. வெள்ளிக்கிழமை கூட்டம் முடியட்டும், அப்புறம் நிதானமா ஒரு கமிட்டி போட்டுப் பாத்துக்கலாம்."

"சார், முடிஞ்சா இருநூத்துப் பதினாலு கோர்ட்டுலயும் இதுதான் சார் ஓடும்."

"உன் பேரு செயற்பொறியாளர் புரமோஷன் லிஸ்ட்ல முதல்ல இருக்கு. உன் கையெழுத்துலதான் தப்புன்னு நீயே போய் முச்சந்தியில சொல்லப் போறியா?"

"என் கையெழுத்துலதான சார் தப்பு நடந்திருக்கு."

"சிக்கனத்தை நிறுத்த உனக்கு அதிகாரம் கிடையாது, தெரியும்ல?"

"தெரியும் சார். நிறுத்தலை. அனுமதிச்ச தொகைக்குள்ள பட்டியலைத் திருத்த எனக்கு அதிகாரம் இருக்கு. அதைச் செய்யப் போறேன்."

அவர் மேலே ஏதோ சொன்னார். அவள் வணக்கம் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். இதுவரை பெரிய அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது அவள் போனை வைத்ததே இல்லை. மனசு ஒரு நிலைக்கு வந்துவிட்டது.

ஜெபராஜின் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு காகிதங்கள் எழுதினாள். முதலாவது திருத்த விகிதப் பட்டியல். அதை எழுதத்தான் இரண்டு மணி நேரம் பிடித்தது. செலவை எதால் வகுப்பது? சதுர அடியாலா, நாளாலா, ஆளாலா? மூன்றையும் எழுதி எழுதி அடித்தாள்.

"ஏன் சார், கோர்ட்டுன்னு ஒண்ணு எதுக்கு சார் கட்டுறோம்?" என்று ஜெபராஜைக் கேட்டாள்.

"நல்ல நேரத்துல கேட்டிய. ரெண்டு பக்கமும் சொல்றதைக் கேக்கத்தான்."

"அப்போ கேட்டு முடிச்ச வழக்கு ஒண்ணுக்கு என்ன செலவு, அதுதான் கணக்கு. கேக்காமத் தள்ளினா அந்த வழக்குக்குப் பண்ண செலவெல்லாம் வீண் செலவு."

"அம்மாடி," என்றார் ஜெபராஜ். "அப்படிக் கணக்குப் பாத்தா நம்மள எல்லாரையும் பிடிச்சு உள்ள போடணும்."

இரண்டாவது காகிதம் ஒரு சான்று. இன்ன தேதியிலிருந்து கிழக்குப் பக்க ஒலிபெருக்கி அணைக்கப்பட்டிருந்தது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்குப் பெயர் கேட்டிருக்க வழியில்லை, கட்டடத்தின் சத்தப் பதிவு வராந்தாவுக்கு மட்டுமே பொருந்தும், இதற்குக் காரணம் நான் எழுதிக் கொடுத்த தவறான விகிதம். கீழே கையெழுத்தும் பதவி முத்திரையும். அரசு அதிகாரி ஒருத்தி இப்படி ஒரு காகிதம் எழுதித் தருவதை ஜெபராஜ் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு, "மேடம், வீட்டுல கேட்டுக்கிட்டு எழுதுதியளா?" என்றார்.

"கேட்டா வேண்டாம்பாங்க சார். அதான் கேக்கலை."

திருத்திய பட்டியலைச் சிக்கனத்துக்குக் கொடுத்துவிட்டு, மரத்தடிக்குப் போய்ச் சண்முகக்கனியின் வழக்கு எண்ணை மட்டும் கேட்டு வாங்கிச் சான்றில் எழுதினாள். அன்று மாலையே வக்கீல் அதைச் சேர்த்து மனுவைத் தாக்கல் செய்தார். வியாழக்கிழமை நீதிபதி அதைப் படித்தார். அரை மணி நேரம் வராந்தாப் பெஞ்சில் தானே போய் உட்கார்ந்து பார்த்தாராம். திரும்பி வந்து வழக்கை மறுபடி கோப்பில் எடுத்தார். தள்ளுபடியான மற்றவர்களும் மனுப் போடலாம் என்று நோட்டீஸ் ஒட்டச் சொன்னார். கோர்ட்டுக் கோப்பில் ஏறிவிட்ட காகிதத்தை யாரால் மறைக்க முடியும்? வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. முப்பிடாதியின் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் முதலிடத்திலிருந்து காணாமல் போனது. இரண்டு நாள் அழுகை வந்தது, அழுது முடித்தாள், வேலையைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் அந்தக் கட்டடத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! காலை ஒன்பது மணிக்கே எல்லாக் கதவும் திறந்து கிடந்தது. ஃபேன்கள் சுழன்றன. குழாயில் குளிர்ந்த தண்ணீர். ஒலிபெருக்கி பூவரசமரம் வரைக்கும் கேட்டது. அதோடு நிற்காமல், இன்று உங்கள் வழக்கு பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் வரும், சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று சிக்கனம் ஒவ்வொருவர் போனுக்கும் செய்தி அனுப்பியது. அதற்கு வேண்டிய கரண்டை எங்கே பிடித்தது என்கிறீர்களா? ஆபீஸ் அறைகளின் ஏசியில்தான்.

"என் ரூம் அடுப்பாங்கரை மாதிரி இருக்கு மேடம்," என்று ஜெபராஜ் போனில் புலம்பினார். "கேட்டா, உங்க அறையில் வழக்கு எதுவும் கேட்கப்படவில்லைங்குது. மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லுது!"

மொத்தச் செலவு கூடியது. கேட்டு முடித்த வழக்கு ஒன்றுக்கான செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. முப்பிடாதி அந்த எண்ணைத் தினமும் காலையில் பார்த்தாள். பதவி போனாலும் போகட்டும், இது சரியாக வந்ததே என்று இருந்தது.

மூன்றாவது வாரம் புதன்கிழமை காலை அவள் ஆபீஸில் இருக்கும்போது சிக்கனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கேட்டு முடிக்க முடியாமல் கிடக்கும் வழக்குகளை அது ஒவ்வொன்றாக ஆராய்ந்துகொண்டிருந்தது. எதனால் முடியவில்லை, எங்கே சிக்கியிருக்கிறது என்று. பட்டியலில் மிக அதிகம் வீண் செலவு வைத்த வழக்கு மேலே இருந்தது. ஒன்பது வருஷம், பதினேழு வாய்தா. காரணம், ஒரே ஒரு சாட்சி கிடைக்கவில்லை. சம்மன் ஆள் பெயருக்குப் போகவில்லை, பதவிக்குப் போயிருக்கிறது. கட்டுமானப் பிரிவு உதவிப் பொறியாளர் என்று. அந்த நாற்காலியில் அப்போது உட்கார்ந்திருந்தவர் எவரோ அவர், அது நடந்தபோது நான் இங்கே இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அடுத்து வந்தவரும் அப்படியே. அதற்கு அடுத்தவரும் அப்படியே. யாரும் பொய் சொல்லவில்லை. வாரியத்தில் எல்லாரும் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றலாகிப் போகிறவர்கள்தானே.

"ஆவணத்தில் உள்ள சுருக்கொப்பத்தை வாரியத்தின் எல்லாக் கையொப்பங்களோடும் ஒப்பிட்டேன். சாட்சி கிடைத்துவிட்டார். நீதிபதி கையொப்பமிட்ட சம்மன் இணைக்கப்பட்டுள்ளது" என்று கடிதம் முடிந்தது. சம்மனில் இரா. முப்பிடாதி என்று இருந்தது.

இணைப்பைத் திறந்தாள். மேலக்கோனேரி நீதிமன்றக் கட்டுமான மதிப்பீடு, பக்கம் நாற்பத்து மூன்று. மேல்தளம் வார்க்கும்போது சாரத்துக்குக் கீழே கட்டும் பாதுகாப்பு வலை என்ற வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் அவள் சுருக்கொப்பம். மதிப்பீடு முடிந்த மாதமே அவளைக் குடிநீர்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஒரு கொத்தனார் விழுந்துவிட்டார் என்று பிறகு எப்போதோ காதில் விழுந்தது. ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டாள்.

வழக்கு எண்ணைப் பார்த்தாள். அவள் தன் கையாலேயே சான்றில் எழுதிய எண். வழக்குப் போட்டவர் சண்முகக்கனி, காலஞ்சென்ற கொத்தனார் சுடலைமணியின் மனைவி.

ஃபேனைப் பற்றிக் கேட்டாள், குழாயைப் பற்றிக் கேட்டாள், கழிப்பறைக் கதவைப் பற்றிக்கூடக் கேட்டாள். உன் வழக்கு என்ன அக்கா என்று மட்டும் அவள் கேட்கவே இல்லை. கடவுளே, கேட்கவே இல்லையே.

திருவேங்கடத்துக்கும் நகல் போயிருந்தது. பத்து நிமிஷத்தில் அவர் போன் வந்தது. இந்தத் தடவை குரலில் கோபம் இல்லை, அக்கறை இருந்தது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பதறாதே. அரசு வக்கீல்ட்ட பேசிட்டேன். உனக்கு மதுரையில பயிற்சின்னு ஒரு ஆர்டர் போடுறேன். ஒரு வாய்தா வாங்குவோம், அப்புறம் இன்னொண்ணு. உனக்கே அடுத்த வருஷம் மாற்றல் வரும்."

"பதினேழு வாங்கியாச்சு சார்."

"இதைக் கேளு. செலவைக் குறைக்கச் சொன்னது மேல இருந்து. உன்னை மட்டும்தான் மாட்டிவிடுவாங்க. வேலை போனாலும் போகும்."

"சார், அந்தக் கட்டடம் இப்ப ஒரு ஆளு வந்தாக் கதவைத் தொறக்குது. தொறக்கச் சொன்னவளே நான்தான். நானே போகாம இருந்தா எப்படி சார்?"

குறித்த நாளில் போனாள். இரண்டு மாடியும் ஜனங்களால் நிறைந்திருந்தது. வழிவிடச் சொல்லித்தான் படியேற வேண்டியிருந்தது. கூண்டில் ஏறியபோது முன்வரிசையில் சண்முகக்கனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒலிபெருக்கிச் சான்று தந்த மேடம் தனக்கு இன்னொரு உதவி செய்ய வந்திருக்கிறார் என்று நினைத்தாளோ என்னவோ, லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

சண்முகக்கனியின் வக்கீல் அந்தப் பக்கத்தை நீட்டினார். "இந்தச் சிவப்புக் கோடு யார் போட்டது?"

"நான்."

"எதை அடிச்சிருக்கீங்க?"

"சாரத்துக்குக் கீழே கட்டுற பாதுகாப்பு வலை."

"ஏன் அடிச்சீங்க?"

"மொத்தச் செலவுல பத்து சதவீதம் குறைக்கச் சொன்னாங்க. சிமெண்டுல குறைக்க முடியாது, கம்பியில குறைக்க முடியாது. கட்டி முடிச்ச பிறகு யார் கண்ணுக்கும் தெரியாத வேலையாப் பாத்து அடிச்சேன்."

"அதனால எவ்வளவு மிச்சம்?"

"முப்பத்தொரு கோடி ரூபாய் மதிப்பீட்டுல ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் ரூபாய்."

வக்கீல் அந்தத் தொகையைக் குறித்துக்கொண்டார்.

"வலையை எடுக்கச் சொல்லி யாராவது எழுத்துல உத்தரவு கொடுத்தாங்களா?"

"இல்லை. குறைக்கச் சொன்னாங்க. எதைன்னு சொல்லலை. பேனா என் கையிலதான் இருந்தது."

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். "சாட்சிக்கு இதனால் தனக்கு என்ன ஆகும் என்று தெரியுமா?"

"தெரியும்மா."

முப்பிடாதி அதற்கு மேல் முன்வரிசைப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. மணி ஒன்றானது. அரசு வக்கீலின் குறுக்கு விசாரணை மறுநாள் காலை பத்தரைக்கு என்று ஒத்திவைத்தார்கள்.

கீழே வராந்தாவில் சண்முகக்கனி ஒரு பெஞ்சை ஒட்டி நின்றிருந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. முப்பிடாதி தானாகப் போய் அவள் முன்னால் நின்றாள்.

"அக்கா..."

"அந்தச் சர்டிபிகேட்டு எழுதிக் குடுக்கும்போது ஒங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பியளா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கூண்டில் நின்ற அதே வாய் இங்கே பொய் சொல்ல மறுத்தது. "தெரியல," என்றாள்.

சண்முகக்கனி பெஞ்சில் வைத்திருந்த காகிதக் கட்டை எடுத்தாள். "நாளைக்கு அரசு வக்கீலு ஒங்கள மாத்திச் சொல்ல வைக்கப் பாப்பாராம். எங்க வக்கீலு சொன்னாரு."

"மாத்த மாட்டேன் அக்கா."

"என்னை அக்கான்னு கூப்பிடாதிய." காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நாளைக்கு வந்து முழுசாச் சொல்லி முடிங்க. பெறவு பாப்போம்."

சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கெல்லாம் முப்பிடாதி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.